வரைவதால் என்ன பயன்?

கேள்வி: வேலை முடிந்து வந்ததும் பென்சிலில் ஏதாவது வரைவது என் பழக்கம். கொஞ்ச காலமாக 'தினம் ஒரு படம்' என்று இலக்கு வைத்து இணையத்திலும் போட்டு வருகிறேன். இப்போது நோட்டைத் திறந்தாலே இன்னொரு வேலை மாதிரி இருக்கிறது. ஒரு நாள் விட்டுப்போனால் குற்ற உணர்ச்சி, வரைந்தாலும் 'இதனால் என்ன பயன்?' என்ற எண்ணம். நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: வரைவதை நிறுத்தாதீர்கள். அந்தத் தினக் கணக்கை மட்டும் ஓரமாக வையுங்கள், உங்களைக் களைக்க வைப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

1973இல் மார்க் லெப்பரும் அவருடைய சக உளவியலாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னக் குழந்தைகளில் சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்பே சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு பரிசுப் பேச்சே இல்லாத நாட்களில் கவனித்தால், அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பாராட்டு கெடுதல் செய்யவில்லை, அதற்காகவே வரைந்ததுதான் செய்தது.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் சுமார் 1,800 கவிதைகள் எழுதினார், 1886இல் அவர் இறக்கும்வரை அச்சேறியவை பத்துப் போலத்தான். நூற்றுக்கணக்கான கவிதைகளை அழகாகப் படியெடுத்து, தாள்களை நூலால் தைத்துச் சிறு கையேடுகளாக வைத்திருந்தார். பின்னால் புகழ் வந்ததே என்று இதை ஆறுதலாகச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தான் பார்க்காத புகழுக்காக யாரும் உட்கார்ந்து தைத்திருக்க முடியாது. அந்த வேலையே அவருக்கு வேண்டியதாக இருந்திருக்கிறது.

நீங்கள் ஒரு கையை வரைகிறீர்கள் என்று வையுங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களின் வரிசையில் இல்லாமல் பக்கவாட்டில் திரும்பி இருப்பது, முட்டியின் மடிப்புகள், நகத்தின் ஓரத்தில் விழும் நிழல், இதெல்லாம் எப்போதும் கண்முன்னேதான் இருந்தது, ஆனால் பென்சில் எடுத்த பிறகுதான் தெரிகிறது. படம் சரியாக வராவிட்டாலும் பார்த்தது பார்த்ததுதான், அதை எந்த எண்ணிக்கையிலும் சேர்க்க முடியாது.

விற்பதற்காக வரைகிறீர்கள் என்றால் இலக்கும் கெடுவும் வேண்டும், அது வேறு விஷயம். இப்போதைக்குத் தேதி போடாத, படமெடுத்துப் பகிராத ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் விடுங்கள், பிடித்தால் ஒரே காதைத் திரும்பத் திரும்ப வரையுங்கள். அப்புறம் எதையாவது யாருக்காவது காட்ட ஆசை வந்தால், வரைந்து முடித்த பிறகு தாராளமாகக் காட்டுங்கள்.