பழைய காரில் இருப்பது எந்த ஒட்டோ கியர் பொக்ஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியைப் பார்த்தபின் எழுதாமல் போக மனம் வரவில்லை. அப்பாவோ அப்பப்பாவோ விட்டுப்போன கார், வருடக்கணக்காகக் கொட்டிலில் நின்றது, இப்போது கியர் இழுக்கவில்லை, கராஜில் "பொக்ஸ் என்னண்டு சொல்லுங்க, சாமான் எடுப்பம்" என்கிறார்கள். அப்படித்தானே? நானும் அந்த இடத்தில் நின்றவன்தான்.

எங்களுடையது ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ60, மாமாவின் கார். 1978 சூறாவளியில் தென்னை விழுந்து நசுங்கிய கூரையை அவரே தட்டி நிமிர்த்தி ஓடியவர். மட்டக்களப்பில் அந்தக் காலத்து ஏ60 நிறைய ஓடியிருக்கிறது, ஆனால் எல்லாம் கையால் கியர் மாற்றுகிறவை. தானாகவே கியர் மாறும் ஒட்டோ என்றால் எங்கள் பக்கத்து பாஸ்மார் (கராஜ் மெக்கானிக்மார்) தயங்குவார்கள். நான் காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள மொடலைச் சொல்லிக் கொழும்பிலிருந்து ரிப்பேர் கிட் எடுப்பித்தேன். பஸ்ஸில் பார்சல் வந்தது. பொக்ஸின் அடியை மூடும் ஒயில் தட்டுக்கு, அதாவது அடித்தட்டுக்கு, ஒயில் கசியாமல் வைக்கும் கேஸ்கட்டை வைத்துப் பார்த்தால் ஓர் ஓட்டை கூடச் சேரவில்லை. ஏதோ ஜப்பான் காருடையது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இரண்டு மாதச் சம்பளம் போனது.

அதன்பிறகுதான் நான் முதலே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். காரை மரக்குற்றிகளில் ஏற்றிவிட்டு (ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கவே வேண்டாம்) மண்ணெண்ணெயும் பழைய பல் தூரிகையுமாக உள்ளே போனேன். பொக்ஸின் இடப்பக்கத்தில் ஒயிலும் மணலும் சேர்ந்து தார் மாதிரி இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டச் சுரண்ட, தீப்பெட்டியை விடச் சிறிய தகடு ஒன்று தெரிந்தது. டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் முதலில் 5, பிறகு 3. போர்க் வார்னர் 35. மூன்று கியர் பொக்ஸ், 60களில் பல பிரிட்டிஷ் கார்களில் போட்டது. அந்த எண்ணை வாசித்த நேரம் மாமாவே பக்கத்தில் இருந்து சொன்ன மாதிரி இருந்தது.

ஆகவே புத்தகத்தையும் பொனட்டில் உள்ள பெயரையும் நம்பாதீர்கள். நம் நாட்டில் ஐம்பது அறுபது வருடம் ஓடிய காரில் எஞ்சினே மாறியிருக்கும், பொக்ஸ் மாறியிருக்காதா? பொக்ஸில் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும். உங்களுடையது பென்ஸ் 123 என்றால் அடித்தட்டு பொருந்தும் விளிம்புக்கு மேலே 722 என்று தொடங்கும் எண் குத்தியிருக்கும். தகடு கழன்று போயிருந்தால் அடித்தட்டின் வடிவத்தைத் தாளில் வரைந்து போல்ட்களை எண்ணுங்கள். அதைக் காட்டினால் விஷயம் தெரிந்தவர் சொல்லிவிடுவார். ஓடுகிற நிலையில் இருந்தால் செங்கலடி தாண்டிப் பதுளை வீதியில் விட்டு, கியர் எத்தனை முறை மாறுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு முறை என்றால் இரண்டு கியர், இரண்டு முறை என்றால் மூன்று.

அதுவரை ஒயில் மட்டும் ஊற்ற விடாதீர்கள். ஃபோர்ட் டைப் எஃப், டெக்ஸ்ரோன் என்ற ஒட்டோ பொக்ஸ் ஒயில்கள் இரண்டும் சிவப்புத்தான், ஆனால் ஒன்றுக்கு மற்றது ஆகாது. பழைய மினி ஒட்டோ இன்னும் வேறு. அதில் எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் ஒரே ஒயில், அதுவும் எஞ்சின் ஒயில். அதில் சிவப்பு ஒயிலை ஊற்றினால் எஞ்சினும் சேர்ந்து போகும்.

"கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண பொக்ஸ் போடு" என்று கீழே சிலர் எழுதுவார்கள் என்று தெரியும். நான் மெக்கானிக் இல்லை, அவர்களோடு வாதாட வரவில்லை. மாமா இடது கால் இயலாதவர், கிளட்ச் மிதிக்க முடியாது. அதற்காகவே தேடி ஒட்டோ வாங்கினார். அதை நான் எப்படி மாற்றுவேன்?

கார் ஓடத் தொடங்கியதும் ஊரில் எல்லாருக்கும் கலியாணத்துக்கு அது வேண்டும். தருகிறேன், சந்தோஷம்தான். ஆனால் பூ ஒட்டும் டேப்பை நேரே பெயின்டில் ஒட்டி, மறுநாள் வெயில் காய்ந்தபின் பிய்த்து இழுக்கிறார்கள். போன ஆவணியில் பொனட்டில் கையளவு பெயின்ட் கழன்று வந்தது. ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் சாவியை நீட்டினார்கள். நூலால் கட்டினால் என்ன குறைந்துவிடும்?

சரி, தகட்டைச் சுரண்டி எடுத்ததும் எண்ணை இங்கே எழுதுங்கள். 35 ஆக இருந்தால் என்னிடம் அடித்தட்டு கேஸ்கட் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஏறாவூர், களுவாஞ்சிக்குடிப் பக்கம் என்றால் நானே கொண்டுவந்து தருவேன்.