பி.பி.க்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி: அப்பாவுக்கு உதவுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. டெல்மிசார்டன், ஆம்லோடிபின், குளோர்தாலிடோன் மூன்றும் போடுகிறார், ஆனாலும் பி.பி. 160/100. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி வரப்போகிறதாமே, அதற்குக் காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். 160-இல் கழியும் ஒவ்வொரு மாதமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல்தான்.

நீங்கள் சொல்லும் ஊசி சிலெபெசிரான். ரத்தக்குழாயைச் சுருக்குகிற ஆஞ்சியோடென்சினுக்கு மூலப்பொருளான ஒரு புரதம் கல்லீரலில் உருவாகிறது. அதன் உற்பத்தியையே இந்த ஊசி குறைத்துவிடுகிறது. தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மேல் அளவு சுமார் 15 புள்ளி குறைந்தது, ஒரு ஊசியின் பலன் ஆறு மாதம் நீடித்தது. சந்தோஷமான செய்திதான். ஆனால் டெல்மிசார்டன் வகையைச் சேர்ந்த ஓல்மெசார்டன் ஏற்கெனவே போடுபவர்களுக்குச் சேர்த்துக் கொடுத்தபோது மூன்றாம் மாதத்தில் கிடைத்தது சுமார் 4, 5 புள்ளிதான், ஊசி, மாத்திரை இரண்டுமே அதே ஆஞ்சியோடென்சின் பாதையைத்தானே அடைக்கின்றன! அப்பா போடுவதும் அந்த வகை மாத்திரைதான். இன்னொன்று, வாந்தி பேதியில் உடம்பு வறண்டு பி.பி. இறங்கினால் மாத்திரையை அன்றே நிறுத்தலாம், போட்ட ஊசியை என்ன செய்வது?

அப்பாவைப் போன்றவர்களுக்கு நான் ஆவலாக எதிர்பார்ப்பது பாக்ஸ்ட்ரோஸ்டாட் என்ற மாத்திரையை. உடம்பில் உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் சுரப்பதையே அது குறைக்கிறது. பல மாத்திரைகளுக்கும் அடங்காத பி.பி. உள்ளவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது: வெற்று மாத்திரையைவிட 9, 10 புள்ளி கூடுதலாகக் குறைத்திருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்வது? அதே ஹார்மோனின் வேலையைத் தடுக்கிற ஸ்பைரோனோலாக்டோன் பல வருடங்களாகவே கடையில் இருக்கிறது, விலையும் குறைவு. நான்காவது மாத்திரையாக அதுதான் நன்றாக வேலை செய்கிறது என்று 2015-லேயே பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. சில ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கும், பொட்டாசியம் ஏறலாம். அதனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறதா என்று காட்டும் ஆல்டோஸ்டிரோன், ரெனின் ரத்தப் பரிசோதனை தேவையா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

அதற்கு முன்னால் இரண்டு விஷயம். மாத்திரைகளை அப்பா தினமும் போடுகிறாரா என்று அட்டையைப் பிரித்துப் பாருங்கள். அப்புறம், முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி ஏதாவது வாங்கிப் போடுகிறாரா? அது ஒன்றே பி.பி.யை ஏற்றிவிடும், இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.