குரைக்காத காவல் நாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஆண் புல்மாஸ்டிஃப் இன நாய்க்கு எட்டு மாதம். அந்நியர் வந்தால் குரைப்பதில்லை. எதிரே போய் நின்று உற்றுப் பார்ப்பதோடு சரி. சங்கிலியில் கட்டிப்போட்டு, ஆள்வைத்துச் சீண்டினால் ரோஷம் வரும் என்கிறார்கள். செய்யலாமா?

சு.

அன்புள்ள சு.,

தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் குறையென்று நினைப்பது, இந்த இனத்தை உருவாக்கியவர்கள் விரும்பித் தேடிய குணம்.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்களின் வேட்டைக்காடுகளுக்குள் இரவில் திருட்டு வேட்டை நடந்தது. 1828ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாம் முறை அகப்பட்டால் நாடுகடத்தல்வரை தண்டனை இருந்தது. எனவே பிடிபடுவதைவிட வேட்டைக்காட்டுக் காவலரைச் சுட்டுவிட்டு ஓடத் துணிந்தவர்கள் இருந்தார்கள். சத்தமில்லாமல் நெருங்கி, ஆளைக் கீழே தள்ளி, குதறாமல் அமுக்கிவைக்கும் நாய் காவலர்களுக்குத் தேவைப்பட்டது. குரைத்தால் அது இருக்கும் இடம் தெரிந்துவிடும். மாஸ்டிஃபுக்குப் பலம் உண்டு, வேகம் போதாது. அன்றைய புல்டாக்குக்கு மூர்க்கம் அதிகம், உருவம் போதாது. இரண்டையும் கலந்தார்கள். 60 சதவீதம் மாஸ்டிஃப், 40 சதவீதம் புல்டாக் என்பது பின்னர் நிலைத்த கணக்கு. இருளில் கண்ணுக்குப் படாது என்று உடலெங்கும் கருங்கோடுகள் படர்ந்த கருவரி நிறத்தைத்தான் அப்போது விரும்பினார்கள். நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் 1924இல் இதைத் தனி இனமாக ஏற்றது.

எட்டு மாதம் என்றால் இன்னும் குட்டிதான். மனம் முதிர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அந்நியர்மீது எச்சரிக்கை அதற்குள் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். இப்போது சீண்டினால் பயத்தைத்தான் கற்றுக்கொள்ளும். பயந்த நாய்க்குத் தபால்காரரும் திருடனும் ஒன்றுதான். வளர்ந்த ஆண் 50 முதல் 59 கிலோ எடை இருக்கும். அந்த உடம்பு தவறான ஆள்மேல் பாய்ந்தால் உயிரே போகலாம்.

பலவிதமான மனிதர்களை இப்போதே அமைதியாகப் பார்க்க விடுங்கள். நடக்கும்போது வார் இறுகினால் நின்றுவிடுங்கள், தொய்ந்தால் நடங்கள். முழு எடை வந்தபின் இழுத்துப் பிடிக்க உங்களால் ஆகாது. வாயில் உள்ளதைப் பிடுங்காமல், தின்பண்டம் கொடுத்து ‘விடு’ என்ற சொல்லுக்குப் பழக்குங்கள். அடித்தால் இந்த இனம் இன்னும் முரண்டு பிடிக்கும். இன்னொரு ஆண் நாயைச் சேர்க்க வேண்டாம், முதிர்ந்தபின் சண்டை வரலாம்.

ஒன்றரை வயதுவரை உயரத்திலிருந்து குதிக்கவோ வழுக்கும் தரையில் ஓடவோ விடாதீர்கள். இடுப்பு மூட்டு கெடலாம். முகம் குட்டை என்பதால் வெயிலில் ஓட்டமும் கூடாது. உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள், தின்றதும் ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.