பிடிச்ச மீனை விட்டா பிழைக்குமா?

தூண்டில்ல சிக்குற மீனைத் திரும்பத் தண்ணியிலேயே விடுறதைப் பத்தி சேலத்துக்காரங்க கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கன்னங்குறிச்சி செந்தில்: அண்ணா, மூக்கனேரியில பிடிச்ச ரோகு, விட்டதும் விர்ருன்னு ஓடிடுச்சு. பிழைச்சிருக்கும்தானே?

ஓடுனதை வெச்சு சொல்ல முடியாது தம்பி. முள்ளுல மாட்டித் திமிறும்போது தசையில லாக்டிக் அமிலம் ஏறும், சாவு பல மணி நேரம் கழிச்சும் வரும். அதைவிட மோசம் காத்து. செவுள் இதழ்கள் தண்ணியிலதான் விரிஞ்சு நிக்கும். வெளியே எடுத்தா நனைஞ்ச நோட்டுத்தாள் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். 1992ல வெளியான ஒரு கனடா ஆய்வுல டிரவுட் மீன்களைத் துரத்திக் களைக்க வெச்சுப் பார்த்தாங்க. காத்துல வைக்காததுல செத்தது 12 சதவீதம், 30 விநாடி வெச்சதுல 38, ஒரு நிமிஷத்துக்கு 72. அது குளிர்நீர் மீன், ரோகுவுக்கு அதே கணக்கு வராது. ஆனாலும் போட்டோவுக்கு ஆள் தேடுற வரைக்கும் மீனைத் தண்ணிக்குள்ளேயே வெச்சிரு.

ஏற்காடு ஜான்சி: சார், எங்க எஸ்டேட் குட்டைத் தண்ணி ஜில்லுன்னு இருக்கும். ஆக்சிஜன் நிறைய இருக்குமே?

நல்ல கேள்விம்மா. 20 டிகிரித் தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் சொச்சம் பிடிக்கும், 30 டிகிரியில ஏழரைதான். ஆனா அது கடல்மட்டக் கணக்கு. 1,500 மீட்டர் உயரத்துல காத்தழுத்தமே ஆறுல ஒரு பங்கு குறைவு, அதனால உங்க 9ம் ஏழரைகிட்ட இறங்கிடும். குளிர் கொடுத்ததை மலை பிடுங்கிக்குது! குளிர்ல மீனுக்கு ஆக்சிஜன் தேவையும் கம்மிங்கிறதுதான் ஒரே ஆறுதல்.

ஓமலூர் குமார்: அப்ப விடியக்காலையில போறது நல்லதுங்களா?

ஏரி பச்சையேறிக் கிடந்தா வேண்டாங்க. ராத்திரி பூரா பாசியும் ஆக்சிஜனை இழுக்கும், விடியுறப்பதான் இருக்கிறதுலயே கம்மி. மீனுங்க மேல வந்து வாயைப் பொளந்துட்டிருந்தா, தூண்டிலைச் சுருட்டிட்டு டீக்கடைக்குப் போயிருங்க.

அம்மாபேட்டை ரவி: முள்ளை முழுங்கிடுச்சுன்னா?

தோண்டாதீங்க. தூண்டில் நரம்பை வாயோரமா வெட்டி விடுங்க, உள்ள நோண்டி எடுக்கிறதுலதான் அதிகம் சாகுது. முள் நுனிக்குப் பின்னால இருக்கிற எதிர்முள்ளைப் பிளேயரால முன்னாடியே நசுக்கிட்டா எடுக்கிறது சுலபம். கையை நனைச்சுட்டுப் பிடிங்க. நான் ஒருதடவை ஒரு கெண்டையைக் காஞ்ச துண்டால பிடிச்சு வீட்டுத் தொட்டியில விட்டேன். நாலாம் நாள், துண்டு வழவழப்பை உரிச்ச இடத்துல பஞ்சு ஒட்டுன மாதிரி பூஞ்சை.

மேட்டூர் பழனி: ஜிலேபி மீனையும் விடணுமாண்ணே?

எதுக்கு? ஆப்பிரிக்காவுல இருந்து 1952ல இந்தியாவுக்குக் கொண்டாந்தது, இப்ப நம்ம கெண்டை, கெளுத்திக்கு இரையும் இடமும் விடாம பெருகிக் கிடக்கு. ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படித்தான், அதை வளர்க்கவே தடை. ரெண்டும் சட்டிக்குப் போகட்டும். ஜிலேபிக்குப் புளி கொஞ்சம் தூக்கலா விடச் சொல்லுங்க வீட்டுல.