பயன்பாட்டுக்கு உதவாத செய்நிரல் மொழிகளை ஏன் உருவாக்குகிறார்கள்? நானும் ஒன்றை உருவாக்க எங்கே தொடங்குவது?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஒரே ஒரு விதியில் தொடங்குங்கள். சாதாரண மொழி எதிலும் யாரும் சேர்க்கத் துணியாத விதியாக அது இருக்கட்டும். அப்புறம் அது எங்கே இழுத்துக்கொண்டு போனாலும் விடாமல் கூடவே போங்கள்.

1972இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டான் வுட்ஸும் ஜேம்ஸ் லயனும் உருவாக்கிய இன்டர்கால் மொழியில், 'ப்ளீஸ்' என்று போதிய தடவை எழுதாவிட்டால் மரியாதை போதாது என்று கம்பைலர் (நாம் எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் நிரல்) செய்நிரலைத் தள்ளிவிடும். அளவு மிஞ்சிக் கெஞ்சினாலும் தள்ளிவிடும். 1993இல் உர்பான் முல்லருக்கு அமிகா கணினியில் ஓடக்கூடிய மிகச் சிறிய கம்பைலர் வேண்டியிருந்தது. அந்த ஆசையிலிருந்து வந்த பிரெயின்ஃபக் மொழிக்கு எட்டே கட்டளைகள்தான். 1998இல் வந்த மால்போல்ஜ் வேறு ரகம். ஆளை வதைப்பதற்கென்றே செய்தது. அதில் ஓடிய முதல் செய்நிரலைக்கூட ஒரு தேடல் நிரல்தான் கண்டுபிடித்துக் கொடுத்தது. அதன் மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் முதல் முயற்சிக்கு அந்தப் பாதையைச் சொல்ல மாட்டேன். கஷ்டமாக இருப்பதால் மட்டும் ஒரு மொழி சுவையாகிவிடாது.

விதியை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து எடுங்கள். நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். பலருடைய அம்மாமார் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிப்பார்கள். குறித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நாங்கள் சேர்ந்து செய்த மொழிக்கு இதுதான் விதி.

அதில் மாறி, அதாவது ஓர் எண்ணைப் போட்டு வைக்கும் பெயர், ஒரு கூடை. கூடையில் உள்ள எண்ணை வாசித்தால், அதாவது தராசில் வைத்தால், 2 கழியும். மிஞ்சியது 18க்குக் குறைந்தால் பாதிதான் கையில் வரும், அரை கிலோ வந்தால் அதுவும் போய்விடும். அவ்வளவுதான். ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் யூனிகோட் என்ற அட்டவணைப்படி ஓர் எண் உண்டு. 'அ' என்ற எழுத்தின் யூனிகோட் எண் 2949, ஆகவே அதை அச்சிடக் கூடையில் 2951 சேர்க்க வேண்டும். 7 வேண்டுமென்றால் 16 போட வேண்டும்: 2 கழிந்தால் 14, அதில் பாதி 7. கூடையில் 19 இருந்தால் 8 வரும், 20 இருந்தால் 18 வரும். நடுவில் உள்ள 9 முதல் 17 வரையான எண்களை எப்படி முயன்றாலும் வெளியே எடுக்கவே முடியாது!

இதை யாரும் திட்டமிடவில்லை, விதி தானாகவே கொண்டுவந்தது. புதிய வரிக்கான குறியின் எண் 10, அதுவும் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. "விதியைக் கொஞ்சம் தளர்த்துவோமா சேர்?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். வளைந்து கொடுத்தால் மொழி அங்கேயே முடிந்துவிடும். ஒரு மாணவி யூனிகோட் அட்டவணையைத் துருவி 8232 என்ற வரிப்பிரிப்புக் குறியைப் பிடித்தாள். எல்லாத் திரைகளும் அதை மதிப்பதில்லை, ஆனாலும் அன்று வகுப்பே கொண்டாடியது.

ஏன் இதெல்லாம் என்ற கேள்விக்கு என் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. ஒரு மாறியை வாசித்தால் அது அப்படியே இருக்கும் என்பதை எல்லோரும் சொல்லாமலே நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையை எடுத்துவிட்ட பிறகுதான், அது யாரோ ஒருவர் வடிவமைத்த முடிவு என்று பிள்ளைகளுக்குப் புரிந்தது. பாடப்புத்தகத்தை வைத்து இதை என்னால் புரியவைக்க முடிந்ததில்லை.

கருவிக்கு அலைய வேண்டாம், பைதன் மொழி போதும். வரிக்கு ஒரு கட்டளை, மாறிகளின் பெயரையும் எண்ணையும் சேர்த்து வைக்க ஒரு டிக்‌ஷனரி, கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஓட்டத் திரும்பத் திரும்பச் சுற்றும் ஒரு லூப். கட்டளைச் சொற்களை மட்டும் தமிழாக்கிவிட்டுப் புதிய மொழி செய்துவிட்டதாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் விதி என்ன என்று கருத்தில் எழுதுங்கள், எந்த எண் எங்கே விழுகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.