ஏழு வயதில் பள்ளி, பத்து மணிக்குப் பூட்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பல நாடுகளின் பள்ளி முறைகளை ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவன் என்பதால், பிள்ளை வளர்ப்பு பற்றி வந்த கேள்விகளை என்னிடம் கொடுத்தார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளியாமே? என் மகனுக்கு நான்கு வயது. பென்சிலைப் பிடிக்கவைப்பதே தினமும் போராட்டம் ஐயா.

பதில்: ஏழு வயது வரை அங்கே பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. பகல் பராமரிப்பு மையங்கள் உண்டு. ஆறு வயதில் ஓராண்டு முன்பள்ளி, 2015 முதல் கட்டாயம். எழுத்தும் எண்ணும் விளையாட்டோடு விளையாட்டாக வரும். எல்லோரும் அந்த ஏழு வயதையே பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முதல் வகுப்பு ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும். பின்தங்கும் பிள்ளைக்குப் பள்ளிக்குள்ளேயே தனி உதவி கிடைக்கும். மேல்நிலை முடியும்வரை தலையெழுத்தைத் தீர்மானிக்கும் பொதுத்தேர்வு இல்லை. இவை இல்லாத இடத்தில் பள்ளியைத் தாமதமாகத் தொடங்கி என்ன பயன்? பின்லாந்தும் சறுக்கியிருக்கிறது: 15 வயதுப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் நடக்கும் பீசா தேர்வில் கணித மதிப்பெண் 2006-இல் 548, 2022-இல் 484. அதே ஏழு வயதில் தொடங்கும் எஸ்டோனியா இப்போது முந்திவிட்டது. சரி, உங்கள் மகனுக்கு வருவோம். பென்சிலைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். களிமண் பிசையட்டும், விரல்கள் பழகும்.

கேள்வி: ஜப்பானில் ஆறு வயதுப் பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் பள்ளிக்கு நடக்கிறார்கள். அந்தத் தைரியம் எனக்கு வராது.

பதில்: உங்கள்மேல் குறையில்லை. பல ஊர்களில் அக்கம்பக்கப் பிள்ளைகள் கூட்டமாகப் போவார்கள், பெரிய வகுப்புப் பிள்ளை முன்னால் நடக்கும். சாலை கடக்கும் இடத்தில் கொடியோடு பெரியவர் ஒருவர் நிற்பார். அரசுத் தொடக்கப் பள்ளியை வீட்டு முகவரிதான் பொதுவாகத் தீர்மானிக்கும் என்பதால் அது பெரும்பாலும் நடக்கும் தூரத்தில் இருக்கும். பள்ளியில் வகுப்பறையைக் கூட்டித் துடைப்பதும் சாப்பாடு பரிமாறுவதும் பிள்ளைகளின் முறைவேலை. எதிர்ப்பக்கம் பாருங்கள்: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிள்ளையைத் தனியாக நடக்கவிடுவது அலட்சியம் ஆகாது என்று 2018-இல் சட்டமே போட வேண்டியிருந்தது.

கேள்வி: வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க எல்லா நாட்டிலும் அனுமதி உண்டா?

பதில்: இல்லை. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் செய்யலாம். ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும், விதிவிலக்கு மிக அரிது.

கேள்வி: 'அடியாத மாடு படியாது' என்கிறார் என் மாமியார். அடிக்கக்கூடாது என்று சட்டம் போட்ட நாடுகள் என்ன ஆயின?

பதில்: முதலில் போட்டது ஸ்வீடன், 1979-இல். அந்தச் சட்டப்பிரிவில் தனியாகத் தண்டனை எதுவும் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, அடிக்காமல் எப்படிச் சமாளிப்பது என்று வீடுகளுக்குச் சிறு புத்தகம் அனுப்பினார்கள், பால் பாக்கெட்டிலும் அச்சிட்டார்கள். பெற்றோரைச் சிறைக்கு அனுப்புவது நோக்கமாக இருக்கவில்லை, பழக்கத்தை மாற்றப் பார்த்தார்கள். அப்போது பிறந்தவர்களுக்கே இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், நாடு ஒன்றும் தறுதலைகளால் நிரம்பிவிடவில்லை. மாமியாரிடம் பால் பாக்கெட் கதையைச் சொல்லிப் பாருங்கள், சட்டக் கதை வேண்டாம்.

கேள்வி: டியூஷனைத் தடை செய்தால் பிள்ளைகள் தப்பிப்பார்களா?

பதில்: தென்கொரியாவின் தலைநகர் சோலில் டியூஷன் மையங்களை இரவு 10 மணிக்கு மூடியாக வேண்டும். பெரும்பாடு பட்டுக் கொண்டுவந்த விதி அது. ஆனால் நவம்பரில் நடக்கும் கல்லூரி நுழைவுத்தேர்வு அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதி நடக்கும்போது நாடு முழுக்க விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிற்கும். அந்த அளவுக்குப் பெரிய தேர்வு இருக்கும்போது மையத்தைப் பூட்டினால் பிள்ளை தூங்கிவிடுமா? வீட்டுக்குப் போய்த் திரையைத் திறக்கும். சீனா 2021 ஜூலையில் இன்னும் கடுமையாக இறங்கியது: முக்கியப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்தக் கூடாது. பெரிய நிறுவனங்கள் ஆடிப்போயின. ஆனால் வசதியுள்ள வீடுகளில் ஆசிரியர் பின்வாசல் வழியாக வந்துகொண்டுதான் இருந்தார்.