ஷாங்காய்ச் சேற்றில் 22 மாடி: ஹுடெக் பற்றிக் கேள்வி பதில்

லாஸ்லோ ஹுடெக் என்ற ஹங்கேரியக் கட்டடக் கலைஞரைப் பற்றி நான் போகிற போக்கில் ஒரு வரி சொன்னதற்கு இத்தனை கேள்விகளா! அஸ்திவாரத்துக்கு மண்ணில் கம்பங்களை இறக்கும் பைலிங் வேலையிலேயே முடி நரைத்தவன் நான். அஸ்திவாரம் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹங்கேரிக்காரருக்கு ஷாங்காயில் என்ன வேலை சார்? சம்பாதிக்கப் போனாரா?

தப்பிப் போய்ச் சேர்ந்தவர். 1893-ல், இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கும் பான்ஸ்கா பிஸ்ட்ரிகாவில் பிறந்தார். அப்பாவுக்கும் கட்டடத் தொழில்தான். புடாபெஸ்டில் படிப்பு முடிந்த 1914-லேயே போர் வந்துவிட்டது. 1916-ல் ரஷ்யர்களிடம் பிடிபட்டு சைபீரியா. அங்கிருந்து தப்பி 1918-ல் ஷாங்காய் வந்து, கரி என்ற அமெரிக்கரின் ஆபீஸில் பிளான் வரையச் சேர்ந்தார்.

வெள்ளைக்காரர் என்றால் அங்கே ராஜமரியாதைதானே?

பிரிட்டிஷ், அமெரிக்க, பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்படித்தான். தப்பு செய்தாலும் சீன நீதிமன்றம் அவர்களைத் தொட முடியாது. அவரவர் நாட்டுச் சட்டம்தான். இவருடைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசோ 1918-லேயே உடைந்துபோனது. அந்தப் பாதுகாப்பு இவருக்கு இல்லை, சீனச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். 1925-ல் சொந்த ஆபீஸ் போட்ட பிறகு சீன வங்கிக்காரர்களும் வியாபாரிகளும் இவரைத் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். தகராறு என்றால் நம்மூர் கோர்ட்டிலேயே இழுக்கலாம் என்கிற ஆளிடம் வேலை கொடுக்க யாருக்குக் கசக்கும்?

ஷாங்காயில் அவர் வடிவமைத்த பார்க் ஹோட்டல் 22 மாடி என்கிறார்கள். அந்த மண் எப்படித் தாங்கியது?

இதற்காகத்தான் காத்திருந்தேன்! ஷாங்காய் முழுக்க யாங்சே ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். நூறடி தோண்டினாலும் களியும் மணலும்தான், பாறை கிடைக்காது. ஹுடெக் முப்பது மீட்டருக்கு மேல் நீளமான ஓரிகான் பைன் மரங்களைச் சுமார் 400 இறக்கினார். அந்தக் கம்பங்களின் மேலே கான்கிரீட் ராஃப்ட், அதாவது கட்டடம் முழுதும் உட்காரும் தடித்த தளம். கம்பத்தின் பக்கவாட்டை மண் இறுகப் பிடித்துக்கொள்ளும் பிடிதான் பாரத்தைச் சுமக்கிறது. மரம் மக்காதா என்று அடுத்துக் கேட்பீர்கள். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழேயே கிடந்தால் காற்று படாது, மக்காது. நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில்தான் ஆபத்து.

மேலே பாரத்தையும் குறைத்தார். ஜெர்மனியிலிருந்து உறுதி கூடிய எஃகு வந்தது. உச்சிக்குப் போகப் போகக் கட்டடம் படிப்படியாக ஒடுங்கும். 1934-ல் திறந்தபோது உயரம் 83.8 மீட்டர், அன்றைக்கு ஆசியாவிலேயே அதிகம்.

அவருக்கென்று தனி பாணி இல்லை என்பது உண்மையா?

உண்மை, அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. கரியிடம் இருந்தபோது செய்த நார்மண்டி அபார்ட்மென்ட், கூரான தெருமுனையில் கப்பல் முகப்புபோல நிற்கும். 1938-ல் சாய வியாபாரி ஒருவருக்குக் கட்டிய வீடோ பச்சை ஓடு பதித்து, வளைந்து வளைந்து போகும். இரண்டும் ஒரே ஆளுடையது என்றால் நம்ப மாட்டீர்கள்.

கடைசிவரை அங்கேதான் இருந்தாரா?

இல்லை, 1947-ல் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். சுவிட்சர்லாந்து, ரோம், பிறகு கலிஃபோர்னியாவில் பெர்க்லி. 1958-ல் அங்கேயே காலமானார்.

ஊர்க்காரர்கள் மறந்துவிட்டார்களா?

1950-ல் ஷாங்காய் நகர நில அளவைக்குப் பூஜ்ஜியப் புள்ளி வைக்க இடம் தேடினார்கள். பார்க் ஹோட்டல் உச்சியிலிருக்கும் கொடிக்கம்பத்தைத்தான் பிடித்தார்கள்.